நல்லதா ஒரு நாவல் சொல்லுங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் கூடுகிறது. ஒருவர் தான் படித்த நாவலைப் பற்றிப் பேசுவார், பிறகு மற்றவர்கள் பேசுவார்கள். கூட்டம் முடிந்து வெளியே டீ குடிக்க நிற்கும்போதுதான் மனதில் இருக்கிற சந்தேகங்கள் வெளியே வரும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்து, நான் சொல்லி வருகிற பதில்களையும் எழுதி வைத்திருக்கிறேன். தமிழ் நாவல்களோடு நிறுத்திக்கொண்டேன்.

தமிழ்ல ஒரு நாவல்கூட முழுசா படிச்சதில்ல. எதுல ஆரம்பிக்கலாம்?

பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: கடைசியாக நீங்கள் பாதியில் விடாமல் முடித்தது எது? நாவலாக இருக்க வேண்டியதில்லை. சினிமா, வெப் சீரிஸ், கிரிக்கெட் வீரரின் வாழ்க்கை வரலாறு, எதுவானாலும் சரி. துரத்தலும் தப்பித்தலும் உங்களை உட்கார வைக்கும் என்றால் பூமணியின் 'வெக்கை'. ஒரு கொலையைச் செய்துவிட்டுக் காட்டுக்குள் ஓடுகிற பதினைந்து வயதுப் பையனும் அவன் அப்பாவும்தான் கதை. ஊர்க்கதைகளும் டீக்கடைப் பேச்சும் பிடிக்கும் என்றால் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. 1966இல் வந்தது. நாற்சந்தியில் நிற்கும் ஒரு மரத்தைச் சுற்றி ஓர் ஊரே மாறுவதைச் சொல்வது. அதில் கதை சொல்லும் தாமோதர ஆசானைப் பிடிக்காதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டும் வேண்டாம், சுத்தமான எளிய தமிழ் போதும் என்பவர்களுக்கு அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்களில் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கல்லூரி மாணவனின் கதை. வாக்கியங்கள் சின்னவை, அலங்காரம் கிடையாது. ஆனால் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு உடனே தூங்கப் போக முடியாது. மூன்றும் ஒல்லியான புத்தகங்கள். முதல் புத்தகம் முடிகிற புத்தகமாக இருப்பது முக்கியம்.

எல்லாரும் பொன்னியின் செல்வன்தான் முதல்ல படிக்கணும்ங்கறாங்க. அஞ்சு பாகத்தைப் பார்த்தாலே பயமா இருக்கே?

பயப்பட வேண்டாம். அது ஒரே மூச்சில் படிப்பதற்காக எழுதப்பட்டதே இல்லை. 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் மணியத்தின் ஓவியங்களோடு தொடராக வந்த கதை. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்க வைக்கிற மாதிரி முடியும். அதே வேகத்தில் படியுங்கள், ராத்திரிக்கு ஓர் அத்தியாயம். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற முதல் காட்சி உங்களை இழுத்தால் தொடருங்கள். முதல் பாகம் பாதி தாண்டியும் இழுக்கவில்லை என்றால் நிம்மதியாக மூடி வைத்துவிட்டு வேறு எடுக்கலாம்.

தமிழில் அதிகம் பேரை வாசகராக்கிய நாவல்களில் அதுவும் ஒன்று. அதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். எனக்குள்ள ஒரே வருத்தம், அதை முடித்தவர்களில் பலர் அங்கேயே நின்று அதையே மறுபடி மறுபடி படிப்பது. அதற்குப் பிறகு தமிழ் நாவல் எத்தனையோ திசைகளில் போயிருக்கிறது.

வட்டார வழக்குல இருந்தா எனக்கு ஒண்ணுமே புரியல. அப்படிப்பட்டதை விட்டுடலாமா?

விட்டுவிடாதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாத பேச்சு காதுக்குப் புரியும். முதல் இருபது பக்கம் கொஞ்சம் தடுக்கும். அதற்குள் அந்த ஊர்க்காரர்கள் எப்படி இழுத்துப் பேசுகிறார்கள், எந்த இடத்தில் சொல்லை முழுங்குகிறார்கள் என்று பிடிபட்டுவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தேடி நிற்க வேண்டாம். கரிசல் பேச்சுக்குத் துணை தேவைப்பட்டால் கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியே இருக்கிறது.

அவருடைய 'கோபல்ல கிராமம்' பழகுவதற்கு நல்ல இடம். தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்தவர்கள் காட்டைத் திருத்திக் கரிசலில் குடியேறிய கதையை ஒரு கிழவி சொல்வாள். பாட்டியிடம் கதை கேட்டவர்களுக்கு அதில் அகராதி தேவைப்படாது.

படமே பார்த்தாச்சு. அப்புறம் எதுக்கு நாவல்?

'வெக்கை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் வெற்றிமாறன் அதை 'அசுரன்' ஆக்கினார். நல்ல படம். ஆனால் படத்தின் நடுவில் அப்பா நிற்கிறார், அவருடைய கடந்த காலம் ஒரு பெரிய பகுதியாக வருகிறது. நாவலின் நடுவில் பையன் நிற்கிறான். கொலை முதல் பக்கத்திலேயே நடந்து முடிந்துவிடும். மீதி நாவல் முழுக்க அப்பாவும் மகனும் எங்கே படுப்பது, எதைச் சமைப்பது, யார் வீட்டுப் பக்கம் போவது என்று பேசிக்கொண்டே அலைவார்கள். அந்தப் பேச்சில்தான் அவர்களுக்கு நடந்த அநியாயம் முழுக்கத் தெரியவரும். 1982இல் வந்த நாவல் அது. படத்தில் சண்டை நினைவில் நிற்கும், நாவலில் ஓடையும் மலையும் பசியும் நினைவில் நிற்கும்.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' 1995இல் படமாக வந்தது. பாட்டுக் கற்றுக்கொள்வதைப் பற்றியும் கும்பகோணத்தின் தெருக்களைப் பற்றியும் அவர் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டுவர யாராலும் முடியாது. படம் பார்த்தவருக்கு நாவலைக் கொடுக்கும்போது நான் "இதில் படத்தில் இல்லாதது இது" என்று ஒன்றைச் சொல்லித்தான் கொடுப்பேன். அந்த ஒன்றைத் தேடிக்கொண்டு படித்துவிடுவார்கள்.

பி.டி.எஃப். இருந்தா அனுப்புங்களேன்?

நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்து என்றால் சந்தோஷமாக. கல்கி, புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் ஆகியோரின் எழுத்துகளுக்கு அரசு பணம் கொடுத்து உரிமையைப் பெற்றுப் பொதுவாக்கியிருக்கிறது. ராஜம் கிருஷ்ணனுக்கு 2009இல், அவர் உயிரோடு இருக்கும்போதே அது நடந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பழைய நூல்கள் நிறைய இலவசமாக இருக்கின்றன. மற்றபடி நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உண்டு.

வாழ்ந்துகொண்டிருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்து போட்ட கோப்பை நான் அனுப்புவதில்லை. தமிழில் எழுதிக் கிடைக்கிற ராயல்டியே மிகக் குறைவு. அதையும் நாம் எடுத்துக்கொண்டால் எழுதுகிறவருக்கு என்ன மிஞ்சும்? பணம்தான் தடை என்றால் நூலகத்துக்கு வாருங்கள். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்' என்று 1931இலேயே விதி எழுதியவர் நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். உலகம் முழுக்க நூலகர்கள் அதைப் படிக்கிறார்கள். உங்கள் கிளை நூலகத்தில் நீங்கள் தேடும் நூல் இல்லை என்றால் நூலகரிடம் சொல்லுங்கள். கேட்கிற ஆள் இருப்பது தெரிந்தால்தான் புத்தகம் வரும்.

அம்மாவுக்கு அறுபது வயசு. அந்தக் காலத்துத் தொடர்கதை நிறைய படிச்சவங்க. நான் கொடுக்கற இலக்கியம் எதுவும் அவங்களுக்குப் பிடிக்கல. என்ன செய்ய?

முதலில் 'இலக்கியம் கொடுக்கிறேன்' என்ற நினைப்பை விடுங்கள். வாரா வாரம் தொடருக்குக் காத்திருந்து, பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்த தலைமுறை அது. உங்களைவிட அதிகப் பக்கங்கள் படித்தவர் உங்கள் அம்மா. லக்ஷ்மியா, சிவசங்கரியா, இந்துமதியா, ரமணிசந்திரனா, அவருக்கு யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேளுங்கள். முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான் இங்கேயும்.

குடும்பமும் பெண்ணின் முடிவும் அவருக்கு முக்கியம் என்றால் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' சரியாக இருக்கும். 1966இல் ஆனந்த விகடனில் அவர் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு கதை எழுதினார். மழையில் காரில் ஏறி ஏமாற்றப்பட்ட பெண்ணின் தலையில் தண்ணீர் ஊற்றி, 'நீ சுத்தமாயிட்டே' என்ற பொருளில் தேற்றி, விஷயத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்வாள் தாய். அந்த முடிவுக்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. சரி, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டு எழுதியதுதான் அந்த நாவல். அந்தச் சர்ச்சையைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் பேசி உங்கள் அம்மா கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் பேச்சு புத்தகத்தைவிட நீளமாகப் போகும்.

எழுத்தின் அளவையும் பாருங்கள். பல வீடுகளில் 'பிடிக்கவில்லை' என்பதற்கு அர்த்தம் 'கண் தெரியவில்லை' என்பதுதான். சொல்ல மாட்டார்கள்.

பையனுக்குப் பதினாலு. போனை விட்டு எடுக்க மாட்டேங்கறான். அவனுக்கு?

நூலகத்துக்குக் கூட்டி வந்து விட்டுவிட்டு நீங்கள் வேறு அலமாரிப் பக்கம் போய்விடுங்கள். அவன் எடுப்பது படக்கதையோ துப்பறியும் கதையோ எதுவானாலும் தடுக்காதீர்கள். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அது இன்னொரு பாடப்புத்தகம் ஆகிவிடும்.

விருது வாங்கின புத்தகம்னா நம்பி வாங்கலாம்தானே?

எழுத்தாளரை நம்பலாம், விருது வாங்கிய அதே புத்தகத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. சாகித்திய அகாதெமி ஒரு குறிப்பிட்ட நூலுக்குத்தான் விருது கொடுக்கும். தி. ஜானகிராமனுக்கு 1979இல் கிடைத்தது 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு, 'மோகமுள்'ளுக்கு இல்லை. அசோகமித்திரனுக்கு 1996இல் 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்கு. பூமணிக்கு 2014இல் 'அஞ்ஞாடி'க்கு. அது ஒரு பெரிய நாவல், மிக முக்கியமானதும்கூட. ஆனால் பூமணியை இதுவரை படிக்காதவர் கையில் அதைக் கொடுத்தால் மிரண்டுவிடுவார். சுந்தர ராமசாமிக்கு அந்த விருது கடைசி வரை கிடைக்கவே இல்லை.

அப்போ 'படிக்க வேண்டிய நூறு நாவல்' மாதிரி பட்டியல் நல்லதா?

நல்லதுதான். தமிழில் அதற்கு ஒரு பெரிய மரபே இருக்கிறது. க. நா. சுப்ரமண்யம் 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பிலேயே நூல்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தி எழுதினார். எது நல்லது என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டார், அதற்காக ஏகப்பட்ட சண்டைகளையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருக்குப் பிறகு எழுத்தாளர்கள் பலர் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒருவரின் ரசனையை முழுதாகத் தெரிந்துகொள்ள அவர் பட்டியலைப் போல உதவுவது வேறில்லை.

பட்டியலைப் பார்க்கும்போது யார் இல்லை என்றும் பாருங்கள். பல பட்டியல்களில் பெண்கள் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறார்கள். குமரி மாவட்டப் பனையேறிகளின் வாழ்க்கையைச் சொல்லும் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இலேயே வந்துவிட்டது. பாமாவின் 'கருக்கு' 1992இல், சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல். தமிழ்நாட்டுக்கு வெளியே நடக்கும் கதைகளும் விடுபடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மெடானிலும் பினாங்கிலும் நடக்கும் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', இலங்கையின் சாதிக் கொடுமையை எழுதிய கே. டானியலின் 'பஞ்சமர்' இரண்டும் என் பட்டியலில் எப்போதும் உண்டு. எண்ணிக்கையை முடிப்பதற்காகப் படிக்காதீர்கள். பத்தில் ஒன்று உங்களோடு தங்கினால் அந்தப் பட்டியல் நல்ல பட்டியல்.

'நல்லா இருந்துச்சு'ங்கறதுக்கு மேல எனக்குப் பேசவே வரல. விமர்சனம் எப்படிச் சொல்றது?

விமர்சனம் என்ற பெரிய வார்த்தை வேண்டாம். மூன்றே விஷயம் சொல்லுங்கள். படிக்காத நேரத்திலும் எந்த இடம் மனதில் வந்து போனது? எந்த இடத்தில் அலுத்தது? இதை யாருக்குக் கொடுப்பீர்கள், யாருக்குக் கொடுக்க மாட்டீர்கள்? மூன்றாவதுதான் கேட்பவருக்கு அதிகம் உதவுவது. 'சாவு வீட்டுக் காட்சி நீளமாக வரும், சமீபத்தில் யாரையாவது இழந்திருந்தால் இப்போது வேண்டாம்' என்று ஒருவர் எங்கள் கூட்டத்தில் சொன்னார். ஒரு நாவலைப் பற்றி நான் கேட்ட மிக அக்கறையான கருத்து அதுதான்.

'மானுட அவலத்தின் உன்னதச் சித்திரம்' போன்ற தொடர்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். நீங்கள் படித்த இந்தப் புத்தகத்துக்கு மட்டும் பொருந்துகிற ஒரு வரி போதும்.

கதையைச் சொல்லாம ஒரு நாவலைப் பத்திப் பேச முடியுமா?

கால் பங்கு வரை சொல்லலாம். முதல் பக்கத்திலேயே நடக்கும் கொலையைச் சொல்வதால் 'வெக்கை'க்கு ஒன்றும் குறையாது. மேலே நானே சொல்லியிருக்கிறேன். 'பதினெட்டாவது அட்சக்கோடு' கடைசி அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு காரணத்தோடுதான் விட்டேன். அந்த மாணவனோடு நூற்றுக்கணக்கான நாட்கள் வாழ்ந்த பிறகு அங்கே போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்று: பழைய நாவல்களின் புதுப் பதிப்புகளில் நீளமான முன்னுரை இருக்கும். எழுதியவர் நல்ல விமர்சகராகவே இருப்பார், ஆனால் கதை முழுவதையும் பிரித்து வைத்துவிடுவார். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள்.

எல்லாரும் கொண்டாடற புத்தகம் எனக்குப் பிடிக்கல. வெளிப்படையா சொன்னா சண்டைக்கு வர்றாங்க. சொல்லலாமா, கூடாதா?

சொல்லுங்கள். இரண்டு நேர்மை மட்டும் வேண்டும். எத்தனை பக்கம் படித்தேன் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'அறுபதாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன்' என்பது முழு மரியாதையுள்ள கருத்து. அடுத்தது, புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும், அதைப் பிடித்தவரைப் பற்றிப் பேசக் கூடாது. 'இதையெல்லாம் எப்படித்தான் ரசிக்கிறீர்களோ' என்ற ஒரு வாக்கியம் போதும், அவர் அடுத்த மாதம் கூட்டத்துக்கு வர மாட்டார்.

படிக்காமல் மட்டும் கருத்துச் சொல்லாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் அமைதியாக வாசிக்கப்பட்ட நாவல். 2014 கடைசியில் அதன் சில பக்கங்கள் மட்டும் தனியாக எடுத்துப் பரப்பப்பட்டு, திருச்செங்கோட்டில் போராட்டம் வெடித்தது. 2015 ஜனவரியில் அவர் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு எதிரான மனுக்களை ஏற்க மறுத்தது. புத்தகம் பிடிக்கவில்லையென்றால் தூக்கி வைத்துவிடலாம், யாரும் படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை என்பது தீர்ப்பில் சொல்லப்பட்டது. அந்த எழுத்தாளர் திரும்பி வந்துவிட்டார். அந்தப் பக்கங்களை மட்டும் படித்தவர்களில் எத்தனை பேர் முழு நாவலுக்கு வந்தார்கள் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. குழந்தை இல்லாத ஒரு தம்பதியை ஊர் எப்படி வார்த்தையாலேயே குத்துகிறது என்பது அந்த நாவலில் இருக்கிறது. படித்தால் மனம் இளகும்.

எழுத்தாளரோட அரசியல் எனக்கு ஆகாது. ஆனா நாவல் பிடிச்சிருக்கு. அடுத்தவங்களுக்குச் சொல்லலாமா?

இரண்டையும் சொல்லிவிடுங்கள். 'இவர் மேடையில் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை, இந்த நாவலை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை' என்று சொல்லிக் கொடுத்தால் கேட்பவர் தன் முடிவைத் தானே எடுப்பார். அரசியலுக்காக மட்டும் ஒரு மோசமான நாவலைப் புகழ்வதையும் இதே கணக்கில்தான் வைக்கிறேன். எங்கள் வட்டத்தில் அதுவும் நடக்கிறது, அதை யாரும் தவறென்று நினைப்பதில்லை.

ஆனால் எழுத்தாளரால் நேரில் காயப்பட்டவர் ஒருவர் 'அந்த ஆளுடைய புத்தகத்தைத் தொட மாட்டேன்' என்றால் அவரிடம் கலையையும் கலைஞனையும் பிரித்துப் பார்க்கச் சொல்லி வாதாடாதீர்கள். தமிழில் படிக்க வேறு நல்ல நாவல்கள் ஏராளம்.

நண்பர் ஒரு நாவல் எழுதியிருக்கார். சுமார்தான். கருத்து கேட்கறார், அட்டையில போட ரெண்டு வரியும் கேட்கறார். என்ன பண்றது?

இது இரண்டு தனித்தனி வேண்டுகோள். கருத்து அவருக்கு. அதைத் தனியாக உட்கார்ந்து, கையெழுத்துப் பிரதியாக இருக்கும்போதே சொல்லுங்கள். மேலே சொன்ன அந்த மூன்று விஷயங்களே போதும். எந்த இடம் மனதில் நின்றது என்பதில் தொடங்குங்கள், எங்கே அலுத்தது என்பதைப் பக்க எண்ணோடு சொல்லுங்கள். பக்க எண் சொன்னால் கோபம் பாதி குறையும், ஏனென்றால் நீங்கள் உண்மையிலேயே படித்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். அச்சாகி வந்த பிறகு குறைகளை அவரிடம் அடுக்குவதில் பயனில்லை.

அட்டை வரி முன்பின் தெரியாத ஒருவருக்கு. அந்த வரியை நம்பி அவர் முந்நூறு ரூபாய் கொடுக்கப் போகிறார். நண்பருக்காக அவரிடம் பொய் சொல்லக் கூடாது. நாவலில் உண்மையிலேயே நன்றாக இருக்கிற ஒன்று இருக்கும்: ஒரு தொழிலின் விவரமோ, ஒரு பாட்டியின் பேச்சோ. அதை மட்டும் எழுதிக் கொடுங்கள். அப்படி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் அட்டை வரி எழுதுவதில்லை என்று சொல்லிவிடுங்கள். வெளியீட்டு நிகழ்ச்சிக்குப் போய், காசு கொடுத்து ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.